சென்னை மாடிகளில் தூங்கும் கிழங்குகள்

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருந்தார். ஊட்டிக்குப் போனபோது ஆசைப்பட்டு டேலியா கிழங்கு வாங்கி வந்து வாசலில் நட்டிருக்கிறார். லண்டனில் இருக்கும் மகள் போனில், ‘குளிர்காலம் வர்றதுக்குள்ள தோண்டி எடுத்து, மண்ணை உதறி, காய்ந்த மணல்ல போட்டு இருட்டுல வைம்மா. பனி எல்லாம் போன பிறகு நடு’ என்று சொல்லியிருக்கிறார். ‘எங்க ஊர்ல தண்ணி உறையற அளவுக்குப் பனி ஏதுங்க? அதுக்குள்ள ஐப்பசி மழையில பாதிக் கிழங்கு கூழாப் போச்சு. நான் எப்போ தோண்டணும், எப்படி வைக்கணும்?’ என்பது அவர் கேள்வி.

பொங்கலுக்கு முன்னால் சென்னைக்குப் போகிற வேலை இருந்ததால், ஆசிரியர் அந்தக் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். கிழங்குப் பயிர் பற்றிக் கேட்கப் பட்டணத்துக்கா போவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், இந்த ஒரு விஷயத்துக்குச் சென்னையைவிடக் கடுமையான பரீட்சைக்கூடம் நம் சமவெளியில் கிடைப்பது கஷ்டம். அங்கே வருஷத்துக்குச் சுமாராக 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றிலும் ஈரம். குளிர் என்று பார்த்தால், மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். ஆக, அந்த ஊரில் குளிரால் சாகும் கிழங்கு கிடையாது. எல்லாமே ஈரத்தால்தான். அங்கே மொட்டைமாடியில் தொட்டி வைத்து, கிழங்கை வருஷா வருஷம் காப்பாற்றுகிறவர்களிடம் நமக்குக் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கும் என்று கிளம்பினேன்.

செங்கல்பட்டில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு. பண்டிகை நேரத்தில் அந்தக் கூட்டத்தைக் கடப்பதே ஒரு பயணம்தான். அதைப் பற்றி எழுத இங்கே இடமில்லை. பனகல் பூங்காவை ஒட்டிய ஒரு சந்தில், மீன்பாடி வண்டியில் பூந்தொட்டி விற்கிற ஒருவர் நின்றிருந்தார். சாமந்தி, ரோஜா, நடுநடுவே தலை பெருத்த டேலியா. ஓசூர்ப் பக்கமிருந்து வருகிற செடிகள் என்றார்.

“பூவோட இருந்தாத்தான் சார் வாங்குவாங்க. பூ முடிஞ்சுதுன்னா குப்பைத்தொட்டி. பங்குனி மாசம் இந்த ஏரியாவுல சுத்துனா, நான் வித்த தொட்டிங்களையே திரும்பப் பாக்கலாம்” என்று சிரித்தார்.

“அடியில கிழங்கு இருக்குமே அண்ணே?”

“இருக்கும். ஆனா சொன்னா யாரு நம்புறாங்க? செடி காய்ஞ்சா செத்துப்போச்சுன்னு நினைக்கிறாங்க. சில பேரு இன்னும் மோசம், காயுதேன்னு தண்ணிய ஊத்தி ஊத்தியே சாவடிச்சிடுறாங்க.”

செடிகளின் சாவுக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பயிற்சி முகாமிலும் கேட்டதில்லை. கிழங்கு உள்ள செடி காய்வது பெரும்பாலும் அதன் ஓய்வு. இலை போட்டு, சேர்த்த சத்தைக் கிழங்குக்குள் இறக்கிவிட்டு, மேலே இருக்கிறதை உதிர்த்துவிட்டுத் தூங்குகிறது. இலை இல்லாத கிழங்கு தண்ணீர் குடிக்காது. ஆனால் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் அடைபட்டு, கிழங்கு மூச்சுமுட்டிப் போகிறது. அப்புறம்தான் பூஞ்சணமும் பாக்டீரியாவும் உள்ளே நுழைகின்றன. நாம் பார்க்கிற அழுகல் கடைசிக் கட்டம்.

மயிலாப்பூருக்குப் போனால் மாடவீதி முழுக்கப் பொங்கல் வந்து உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, கரும்பு. வடக்கு மாடவீதியில் காய்கறிக் கடைகளில் சேனை, சேம்பு, பிடிகருணை, சிறுகிழங்கு என்று குவியல் குவியலாகக் கிடந்தன. இலை மடிந்த பிறகு தோண்டி எடுத்த கிழங்குகள், அதாவது தூங்குகிற கிழங்குகள். இதையெல்லாம் விதைக்கு எடுத்து வைத்துக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, பூங்கிழங்கு மட்டும் எப்படிப் புது வித்தையாகிப் போனது என்று அங்கே நின்றபோது தோன்றியது.

அதே கேள்விக்குத் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் பதில் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தவர். மாடியில் அறுபது தொட்டிக்குக் குறையாது. மாடிப்படிக்குக் கீழே, மழைச்சாரல் படாத இடத்தில், பத்துப் பன்னிரண்டு தொட்டிகளைப் படுக்க வைத்திருந்தார். சாய்ந்துவிட்டதாக்கும் என்று நான் நிமிர்த்தப் போனேன்.

“அதைத் தொடாதீங்கோ தம்பி. தூங்கறது” என்றார்.

எல்லாம் வண்ணச் சேம்பு. கடைக்காரர்கள் காலாடியம் என்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. பச்சை, சிவப்பு, வெள்ளை என்று இலையே பூ மாதிரி இருக்கும். கார்த்திகைக் கடைசியில் அதன் இலை ஒவ்வொன்றாகச் சாயும். அப்போதே இந்த அம்மா தண்ணீரை நிறுத்திவிடுகிறார். ஆனால் வானம் நிறுத்தாதே! அதனால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்குக் கீழே படுக்க வைத்துவிடுகிறார். தோண்டுவதில்லை, கழுவுவதில்லை. படுத்திருக்கிற தொட்டிக்குள் தண்ணீர் தங்க வழியில்லை. இருக்கிற ஈரமும் மெள்ள வெளியேறிவிடும். மாசி கடைசியிலோ பங்குனியிலோ நிமிர்த்தி வைத்து, மேல்மண்ணைக் கொஞ்சம் மாற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் விடுவார். முளை தெரிந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. “மழை கொட்டறச்சே ஒண்ணும் ஆகாது தம்பி. மழை விட்டதுக்கப்புறம்தான் அழுகும்.” முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. யோசித்தால் சரி. ஐப்பசியில் செடிக்கு இலை இருக்கிறது, தண்ணீரை இழுத்து வெளியே விடுகிறது. கார்த்திகைக் கடைசியில் இலை விழுந்துவிடும். மண் மட்டும் சொதசொதவென்று அப்படியே இருக்கும். மேலே மார்கழிப் பனி, வெயிலுக்கும் சூடு கிடையாது. அந்த மூன்று வாரம்தான் கண்டம். நம் ஊர்த் தோட்டத்திலும் மழை நின்றுவிட்டதே என்று நாம் திரும்பிப் பார்க்காமல் இருப்பது அந்த நேரத்தில்தான்.

எல்லாக் கிழங்கும் ஒரே நேரத்தில் தூங்குவதும் இல்லை. அவர் மாடியிலேயே மூன்று கடிகாரம் ஓடுகிறது. வண்ணச் சேம்பு தையில் உறங்கிப் பங்குனியில் எழும். மே மாதம் சிவப்புப் பந்து மாதிரிப் பூக்கிற மே லில்லி, குளிர்மாதங்களில் இலையே இல்லாமல் மண்ணுக்குள் கிடந்து, கோடைமழை ஒன்று பெய்ததும் பூவைத் தூக்கிக்கொண்டு வரும். செங்காந்தள் இதற்கெல்லாம் நேர் எதிர். ஆடி ஆவணியில் முளைத்து, மழைக்காலத்தில் பூத்து, தையில் கொடி காய்ந்துவிடும். கார்த்திகையில் பூக்கிறதால்தான் அதற்குக் கார்த்திகைப்பூ என்று ஒரு பெயர். அது கோடை முழுக்கத் தூங்குகிறது. ஆகவே எந்த மாதத்தில் தோண்டணும் என்று கேட்பதைவிட, இலையைப் பார்ப்பது நல்லது. இலை மஞ்சளாகிச் சாய ஆரம்பித்தால் தண்ணீரைக் குறை. முழுக்கக் காய்ந்தால் நிறுத்து. அவ்வளவுதான்.

“இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தாங்கம்மா?”

“யாரு சொல்லணும்? பிறந்த ஆத்துல விதைமஞ்சள் வெக்கறதைப் பார்த்ததுதான்.”

விதைமஞ்சள் வைப்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததே. அடிபடாத, நோயில்லாத கிழங்காகப் பொறுக்கி, நிழலில் குவித்து, மேலே மஞ்சள் இலையைப் போர்த்தி, சேறும் சாணமும் குழைத்து மெழுகுவார்கள். இன்னொரு முறையில் குழியில் மணலோ மரத்தூளோ போட்டு, நடுவே எட்டி இலையைப் பரப்பி அடுக்குவார்கள். மழை படக்கூடாது, வெயில் படக்கூடாது, காற்று கொஞ்சம் வேண்டும். லண்டன் மகள் சொன்ன காய்ந்த மணலும் இருட்டும் இதேதான். அங்கே உறைபனிக்குப் பயந்து செய்கிறார்கள், நாம் ஈரத்துக்கும் பிறகு சித்திரை வெயிலுக்கும் பயந்து செய்கிறோம்.

உறைபனி எப்படிக் கொல்கிறது என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், நம் ஊட்டி போதும். கிழங்குக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து விரியும்போது அதன் திசுக்கள் கிழிந்துவிடும். வெயில் பட்டுக் கரைந்ததும் கிழங்கு கொழகொழ என்றாகிவிடும். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் குளிர்மாதங்களில் மென்மையான செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்று அங்கே சொல்லுகிற செடியை வெட்டி வந்து கூரைபோல் போர்த்தி வைப்பார்கள். ஊட்டியில் டேலியாவைப் பனிக்கு முன்னால் தோண்டுவது அதனால்தான் நியாயம். அந்தக் கணக்கை அப்படியே திருவண்ணாமலைக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல்.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகிற வழியில் கொஞ்சம் சுற்றிக் கதீட்ரல் சாலைக்கும் போய்வந்தேன். தோட்டக்கலைச் சங்கம் ஒன்று 1835-லேயே சென்னையில் தொடங்கி, இந்தச் சாலையில்தான் வேர்விட்டது. தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் அதில் முன்நின்றவர். வெளிநாட்டுச் செடிகளை நம் தட்பவெப்பத்துக்குப் பழக்கும் வேலை அப்போதே ஆரம்பித்திருக்கிறது. பக்கத்தில் செம்மொழிப் பூங்கா, 2010-ல் திறந்தது. சமீப வருஷங்களில் இங்கே தோட்டக்கலைத் துறையின் மலர்க் கண்காட்சி நடக்கிறது. அழகுதான். ஆனால் பூத்த நிலையில் பார்ப்பதோடு சரி. பூ முடிந்த பிறகு தொட்டியை என்ன செய்வது என்று ஒரு பலகை வைத்தால் புண்ணியமாகப் போகும்.

அடையாற்றில் நான் பார்த்தது ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பைத்தியம் அடீனியத்தின் மேல். பாலைவன ரோஜா என்று விற்கிறார்களே, அடித்தண்டு யானைக்கால் மாதிரி பருத்திருக்கும், அதுதான். ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி. தண்ணீரை அடித்தண்டில் சேமித்து வைத்திருப்பதால், வெயிலுக்கு அசையாது. சென்னைக் கோடையை வேறெந்தப் பூவும் இப்படி அனுபவிக்காது. ஆனால் நவம்பர் வந்தால் நடுங்கும்.

புரட்டாசிக் கடைசியில் அவர் செய்கிற முதல் வேலை, எல்லாத் தொட்டிக்கும் அடியில் இருக்கிற தட்டை எடுத்துவிடுவது. இரண்டாவது, ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடித்துளைக்குள் கம்பி விட்டுப் பார்ப்பது. வேர் அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் இறங்காது. மண்கலவையிலும் அவர் கறார். மாடித்தோட்டக்காரர்கள் கனம் குறைவு என்று தென்னை நார்க்கழிவை நிறையப் போடுகிறார்கள். கீரைக்கு அது சரி. ஆனால் நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூங்குகிற கிழங்குக்கு அது ஈரப் போர்வை. அவர் பாதிக்குப் பாதி உடைத்த செங்கல் ஜல்லியும் கரித்துண்டும் போடுகிறார், மீதி மண்ணும் மட்கிய எருவும். மேலே நாலு குழாயை நட்டுக் கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலித்தீன் ஷீட்டைக் கட்டியிருக்கிறார். பக்கம் நாலும் திறப்பு. மூடிக்கட்டினால் உள்ளே வியர்த்து, அதுவே நோயாகிவிடும் என்றார்.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு அடித்தண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். கல் மாதிரி இருந்தால் நலம். எங்காவது அமுங்கினால் அன்றைக்கே பிடுங்கி, நல்ல சதை தெரிகிறவரை வெட்டி எடுத்து, கரித்தூள் பூசி, ஒரு வாரம் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார். “மாட்டுக்குக் காய்ச்சலா இல்லையான்னு காதைத் தொட்டுப் பார்ப்பீங்கள்ல, அந்த மாதிரிதாங்க” என்றார் எனக்குப் புரியும்படி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு அவர் வீட்டுத் தரைத்தளத்துக்குள் வந்துவிட்டது. கீழே வைத்திருந்த தொட்டியெல்லாம் இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீருக்குள். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பிழைத்துக்கொண்டன. அடீனியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வீட்டில் தப்பியது, பரண் ஆணியில் வெங்காயச் சாக்கில் போட்டுத் தொங்கவிட்டிருந்த சம்பங்கிக் கிழங்கும் மழை லில்லிக் கிழங்கும் மட்டும்தான். அன்றிலிருந்து, தோண்டி வைக்கிற எந்தக் கிழங்கையும் அவர் தரையில் வைப்பதில்லை. அடுத்த வருஷம் டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்து, நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவர் முதல்நாளே உயரமான தொட்டிகளை எல்லாம் தலை சுவர்ப்பக்கம் இருக்கும்படி படுக்கப் போட்டுவிட்டார். ஒரு தொட்டிகூட உடையவில்லையாம்.

இதெல்லாம் பட்டணத்துப் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கண்வலிக்கிழங்கு போடுகிற தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதி விவசாயிகளுக்கு இது வாழ்வுப் பிரச்னை. மயிலாப்பூர் அம்மா தொட்டியில் வைத்திருக்கிற அதே செங்காந்தள்தான் அது, நம் மாநிலப் பூ. ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். முதலீட்டில் பெரும்பங்கு அதற்கே போகிறது. கலப்பை மாதிரி வளைந்த அந்தக் கிழங்கின் நுனியில்தான் முளைக்குருத்து இருக்கிறது. நுனி ஒடிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் அது வெறும் கட்டை. எனவே, மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடாமல், நிழலில் ஒரே அடுக்காகப் பரப்பி, நடுவே காய்ந்த மணலைத் தூவி வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, அமுங்குவதை அப்புறப்படுத்த வேண்டும். நடும்போது டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நடுவது அழுகலைக் குறைக்கும். சம்பங்கியிலும் தோண்டிய கிழங்கை உடனே நடாமல், ஒரு மாதம் போல நிழலில் ஓய்வு கொடுத்து நட்டால்தான் முளைப்பு சீராக வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்வலிக்கிழங்கு கடும் விஷம். அதிலிருக்கும் கோல்ச்சிசின் உயிரையே எடுத்துவிடும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. சமையல் கிழங்கு வைக்கிற பரணில் இதை வைக்கவே கூடாது. தனி இடம், பூட்டு, பெயர் எழுதிய அட்டை, மூன்றும் வேண்டும். வண்ணச் சேம்பும் சாப்பிடக் கூடியதல்ல. வாயில் பட்டால் தொண்டை வீங்கி எரியும். மயிலாப்பூர் அம்மா பேரக்குழந்தைகள் வருகிற கோடை விடுமுறைக்கு இந்தத் தொட்டிகளைக் கைக்கு எட்டாத மதில்மேல் ஏற்றிவிடுகிறார்.

இனி, கேள்வி கேட்ட சகோதரிக்கு.

ஐப்பசியில் உங்கள் டேலியா கூழானது குளிரால் அல்ல. இலை விடாத கிழங்கு நனைந்த மண்ணில் கிடந்ததால். நம் சமவெளியில் டேலியா குளிர்மாதப் பூ; மார்கழியிலிருந்து மாசிவரை அது விழித்திருக்கும் நேரம். எனவே இப்போது தோண்டாதீர்கள், பூக்கவிடுங்கள். பங்குனியில் இலை மஞ்சளாகும்போது தண்ணீரைக் குறைத்து, தண்டை அரை அடி விட்டு வெட்டி, ஒரு வாரம் கழித்துக் கொத்தோடு தோண்டுங்கள். கிழங்கைத் தனித்தனியாகப் பிய்க்க வேண்டாம். டேலியாவின் கண் கிழங்கின் உடம்பில் இல்லை, தண்டோடு சேருகிற கழுத்தில் இருக்கிறது. கழுத்து ஒடிந்த கிழங்கு முளைக்காது.

நாலைந்து நாள் நிழலில் உலர்த்தி, வாயகன்ற பழைய மண்பானையில் காய்ந்த மணலுக்குள் புதைத்து, வீட்டிலேயே குளுமையான மூலையில் வையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கிழங்கு சுருங்கும். சுருங்கினால் பானைக்குள் தண்ணீர் தெளிக்காதீர்கள். பானையை ஈரமணல் பரப்பிய தட்டின் மேல் வையுங்கள், அந்தக் குளுமை போதும். புரட்டாசியில் மழை படாத திண்ணையில், சிறு தொட்டியில் முளைக்க வையுங்கள். நாலு இலை வந்ததும் நுனியைக் கிள்ளி, அதையும் மணலில் ஊன்றிவிடுங்கள். கிழங்கே போனாலும் செடி மிஞ்சும். கார்த்திகையில் பெருமழை ஓய்ந்த பிறகு மேட்டுப்பாத்தியில் நடலாம்.

பானைக்குள் எத்தனை கொத்து வைத்தீர்கள், புரட்டாசியில் எத்தனை கண் விழித்தது என்று எண்ணி எழுதுங்கள். திருவண்ணாமலை வெயிலுக்கு அந்தக் கணக்கு மற்ற வாசகர்களுக்கும் தேவைப்படும்.